காது மிஷின் வாங்கி எட்டு மாதம்: அம்மா பாதியில் விடுவதை அப்பா முடிக்கிறாரா?

அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது. வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் உட்கார்ந்து தேடினேன், எங்கே பார்த்தாலும் எத்தனை சேனல், எத்தனை புரோகிராம், புளூடூத் இருக்கிறதா, செல்போனில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாமா என்றே எழுதியிருந்தார்கள். அதெல்லாம் தேவைதான், ஆனால் எங்கள் வீட்டுக்குத் தெரிய வேண்டியது வேறு. அம்மா ஒரு பேச்சைத் தொடங்கிப் பாதியில் விட்டால் அப்பா மறுபடியும் அதை முடிப்பாரா? அதை வைத்துத்தான் இந்த மிஷினை எட்டு மாதமாக அளந்துகொண்டிருக்கிறேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்பெனிப் பெயர் போடவில்லை. இதே வகை பல கம்பெனிகளில் வருகிறது, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது சரிப்படும் என்பதை அவர் காதைச் சோதித்தவர்தான் சொல்ல வேண்டும். நாங்கள் வாங்கியது காதுக்குப் பின்னால் மாட்டுகிற வகை, இரண்டு காதுக்கும், 13 நம்பர் பேட்டரி போடுவது. இரண்டும் சேர்த்து 64,000 ரூபாய்.

நாங்கள் இருப்பது கோத்தகிரிக்குக் கீழே அரவேணு பக்கம். அப்பா 31 வருடம் ஒரு தேயிலை பாக்டரியில் வேலை பார்த்தார், அதில் பெரும்பகுதி சி.டி.சி. மிஷின் ஓடுகிற ஹாலில். பல் வைத்த உருளைகள் ஜோடி ஜோடியாகச் சுற்றி இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தள்ளும். பக்கத்தில் நிற்பவர் காதில் வாய் வைத்துக் கத்தினால்தான் பேசுவது கேட்கும். சீசனில் ராத்திரி பகல் கிடையாது, இலை வந்துகொண்டே இருக்கும், மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். 85 டெசிபல் சத்தத்தில் தினமும் எட்டு மணி நேரம் என்று வருடக்கணக்காக நின்றால் காதுக்கு ஆபத்து என்கிறார்கள். அந்த ஹாலில் யாரும் அளந்து பார்த்ததில்லை, காதில் ஒரு துண்டு பஞ்சுகூட யாரும் வைத்ததில்லை.

காது போவதற்கு முன் இவர்கள் இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டால், ஒரே ஆள் இரண்டு குரலில் பேசுகிற மாதிரி இருக்கும். அம்மா அடுப்படியிலிருந்து "மழை இப்படியே பேஞ்சா..." என்பார், வாசலில் உட்கார்ந்திருக்கிற அப்பா "கொழுந்து ஏறும், விலை இறங்கும்" என்பார். "சின்னவன் கீழ போயிருக்கான், ராத்திரிக்குள்ள..." "கடைசி பஸ்ஸுக்கு வந்துருவான் புள்ள." கீழே என்றால் எங்களுக்கு மேட்டுப்பாளையமும் கோயம்புத்தூரும்தான், மலையில் இருப்பவர்களுக்குச் சமவெளி மொத்தத்துக்கும் அந்த ஒரு பெயர் போதும். பழமொழி சொன்னால் முழுசாகச் சொல்லவே மாட்டார்கள். "சட்டியில இருந்தாத்தான..." என்று அம்மா விட்டுவிடுவார், அகப்பையில் வருவது அப்பா பொறுப்பு. சின்ன வயதில் நான் இதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. வீட்டில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மாதிரி அதுவும் இருந்தது, அவ்வளவுதான்.

தமிழே இதற்குத் தோதான மொழி என்று இப்போது தோன்றுகிறது. "பேஞ்சா", "வந்தா", "கேட்டா" என்று அந்த 'ஆ' விழுந்ததுமே இன்னொரு பாதி வரப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும், பேசுபவர் மூச்சு விடுகிற இடமும் அதுவேதான். "அவர் என்ன சொன்னாருன்னா" என்று தொடங்கினாலும் அதே கதை. அப்புறம் நம் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காருகிறது. யார், எப்போது, மரியாதை உண்டா இல்லையா, நடந்ததா நடக்கவில்லையா என்று எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அதைப் பேசுபவர் சொல்லாமல் விட்டு எதிரே இருப்பவர் எடுத்துச் சொன்னால் பேச்சின் பாதி பாரத்தை அவர் தூக்கிவிட்டார் என்று அர்த்தம்.

பேச்சை ஆராய்கிறவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 1960களில் அமெரிக்காவில் ஹார்வி சாக்ஸ் என்பவர், பதின்வயதுப் பிள்ளைகள் கூடிப் பேசிய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மூன்று பேர் ஆளுக்கொரு துண்டாக ஒரே வாக்கியத்தைக் கட்டுவதை எடுத்துக் காட்டினார். ஜீன் லெர்னர் 1991-ல் இதைப் பற்றியே தனியாக எழுதினார்: ஆங்கிலத்தில் 'இஃப்' என்று தொடங்கினால் பின்னால் இன்னொரு பாதி வந்தாக வேண்டும், அந்த மாதிரி இடங்கள் கேட்பவர் உள்ளே நுழைந்து முடித்து வைக்க வாசல் திறந்துவிடுகின்றன என்று. நம் 'ஆ' திறப்பதும் அந்த வாசலைத்தான். அவர் சொன்னதில் இன்னொன்று என் மனதில் நின்றது. முடித்து வைத்தவர் சொன்னது சரியா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை, தொடங்கியவரிடமே இருக்கிறது. அவர் "ஆமா, அதேதான்" என்றால்தான் அது முடிந்தது. இது பின்னால் வரும்.

அப்பாவின் காது ஒரே நாளில் போகவில்லை. ஆறேழு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக. "கேக்குது, புரியல" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்கள்தான் அதன் அர்த்தம் தெரியாமல் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அம்மா "ஏனுங்க, காசு எங்க வெச்சீங்க?" என்று கேட்டார். சீட்டுக்குக் கட்ட எடுத்து வைத்த காசு. அப்பாவுக்கு விழுந்தது "காது எங்க வெச்சீங்க". அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அம்மாவுக்கு என்ன தப்பாகச் சொன்னோம் என்றே தெரியவில்லை. ஒரு 'சு' 'து' ஆனதற்கு அன்று ராத்திரி முழுவதும் வீட்டில் பேச்சில்லை.

இன்னொரு நாள், அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். அம்மா உள்ளேயிருந்து "பெரியவ வந்துட்டா" என்றார். பெரியவன் வந்துட்டான் என்பதைப் பேச்சில் எப்படிச் சொல்வோம் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் கடைசி 'ன்' மூக்கில் கரைந்துவிடும், அந்தப் பக்கம் 'ள்' அடியோடு விழுந்துவிடும், இரண்டுக்கும் நடுவே மூக்கொலியைத் தவிரப் பெரிய வித்தியாசம் கிடையாது. நல்ல காதுக்கே தூரத்திலிருந்து கேட்டால் சிரமம். அப்பா பெரியவன்தான் வந்திருக்கிறான் என்று பஸ் நிறுத்தத்துக்கே போய் நின்றுவிட்டார், அக்கா வீட்டில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தாள்.

அந்த வருடங்களில் மாறியது அப்பா மட்டும் இல்லை. அம்மாவின் தமிழே மாறிப்போனது. 'ஆ' போட்டு நிறுத்துகிற பேச்சு ஒன்றுகூட இல்லை. "வாங்க. சாப்பிடுங்க. மாத்திரை. ரெண்டு." எல்லாம் முழுதாக மூடிய, சின்னச் சின்ன, சத்தமான வாக்கியங்கள். கதை சொல்வதை நிறுத்திவிட்டார். கதை சொல்ல 'ம்' கொட்டுகிற ஆள் வேண்டும், இல்லையென்றால் சொல்லுகிறவருக்கு அடுத்த அடி எடுத்து வைக்க வராது. அப்பா 'ம்' கொட்டுவார், ஆனால் தப்பான இடத்தில் கொட்டுவார், அம்மா சோர்ந்துபோய் விட்டுவிடுவார்.

இதைவிட எங்களுக்குப் புரிய நேரம் எடுத்தது இன்னொன்று. காது மோசமாக ஆக ஆக அப்பா மற்றவர்கள் பேச்சை முன்பைவிட அதிகமாக முடிக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து "நாளைக்கு நம்ம..." என்று தொடங்குவார், அதற்குள் அப்பா "மருந்தடிக்கணும், ஆமா ஆமா" என்று முடித்துவிடுவார். அவர் சொல்ல வந்தது மருந்தடிக்கிறது பற்றியே இல்லை. அவசரக்காரர், யார் சொன்னாலும் காதில் வாங்க மாட்டார் என்று ஊரில் பேச்சானது. உண்மையில் அவர் செய்தது என்னவென்றால், கேட்காததைத் திரும்பச் சொல்லச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, முன்கூட்டியே ஊகித்து ஒரு பதிலைப் போட்டுப் பேச்சைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தார். கேட்டு முடிப்பது வேறு, கேட்காமல் முடிப்பது வேறு. உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் திடீரென்று எல்லார் பேச்சையும் தப்புத் தப்பாக முடிக்க ஆரம்பித்தால், தயவுசெய்து அவர் குணம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள், முதலில் காதைப் பாருங்கள். நாங்கள் இதைத் தெரிந்துகொள்ள மூன்று வருடம் வீணாக்கினோம்.

முதலில் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். காது மிஷின் என்று போட்டிருந்தான், ஆனால் அது வெறும் சத்தம் பெருக்குகிற கருவி. பேச்சு, கரண்டி, குழாய்த் தண்ணீர், அவர் மென்று சாப்பிடுகிற சத்தம் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குத் தூக்கிக் காதில் கொட்டியது. மூன்றாம் நாள் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார், "இதுக்கு பாக்டரியே தேவல" என்றார். அதற்குப் பிறகு நிஜமான மிஷினுக்கு அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வருடம் ஆனது. அந்த 1,800 ரூபாயின் உண்மையான விலை அந்த ஒரு வருடம்.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு காது பரிசோதனை மையத்துக்குப் போனோம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. குஞ்சப்பனை வளைவுகளில் பஸ் இறங்கும்போதே காது அடைக்கும், எல்லோருக்கும்தான். சோதித்த பெண் அதைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார வைத்து, காதில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் சத்தம் புகாத அறைக்குள் அனுப்பினார். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே வந்த கோட்டுப்படத்தை எங்களிடம் காட்டி விளக்கினார்: சுருதி 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு கிட்டத்தட்ட நேராகப் போகிறது, 2000-ல் சரிகிறது, 4000-ல் பள்ளத்தில் விழுகிறது. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் பள்ளம் விழுமாம். உயிரெழுத்துகளின் பலம் கீழ்ச் சுருதியில் இருக்கிறது, அது கேட்கும். 'ச', 'த', 'க' மாதிரி எழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற ஒலி மேலே இருக்கிறது, அது விழாது. அதனால்தான் "கேக்குது, புரியல". ஆறேழு வருடமாக அப்பா சரியான நோயைச் சரியான வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

நல்ல மிஷின் செய்வது என்னவென்றால் அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்கு ஏற்ப அந்தந்தச் சுருதியை மட்டும் தூக்குவது. மற்றதை அப்படியே விடுவது. விலையெல்லாம் அந்தப் பொருத்துகிற வேலைக்குத்தான், அதனால் மிஷினைவிட அதைப் பொருத்துகிற ஆள் முக்கியம். எங்களுக்கு ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்காத இடத்தில் வாங்காதீர்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிஷினைப் பற்றிய எண்களில் எனக்கு உதவிய ஒரே எண் இதோடு சேர்ந்தது. 2009-ல் வெளியான ஒரு ஆய்வில், பத்து மொழிகளில் ஆம்-இல்லை கேள்விக்குப் பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளந்தார்கள். எல்லா மொழிகளையும் சேர்த்துச் சராசரி கிட்டத்தட்ட 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானியர்கள் எல்லோரையும்விட வேகம், டேனிஷ்காரர்கள் எல்லோரையும்விட நிதானம், அவர்களுக்குமே அரை விநாடிக்குள் பதில் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மனிதர்களுக்குச் சுமார் 600 மில்லி விநாடி பிடிக்கிறது. அப்படியானால் 200-ல் பதில் சொல்பவர், எதிராளி இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே போகிறார் என்று பார்த்து, பதிலைத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாக்கியத்தை முடித்து வைப்பதும் அந்த வேலையே, கொஞ்சம் முன்னால் ஓடி. காது கேளாதவருக்கு இப்போது சொன்னது என்ன என்று கண்டுபிடிப்பதிலேயே பலமெல்லாம் போய்விடுகிறது, முன்னால் ஓட மிச்சம் இருப்பதில்லை. இன்றைய டிஜிட்டல் மிஷின்கள் சத்தத்தை வாங்கி, பிரித்து, திருத்தி, காதுக்குள் விடப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் நேரம் 10 மில்லி விநாடிக்கும் குறைவு. 200-க்குள் 10 தாராளமாக அடங்கும். சேனல் எண்ணிக்கையைவிட இதைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் ஆய்வில் பங்கெடுத்த ஸ்டீபன் லெவின்சன், அதற்குப் பல வருடம் முன்பே கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தமிழ்ப் பேச்சைப் பதிந்து, மனிதர்கள் ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேசும் விதத்தை ஆராய்ந்தவர். அம்மாவின் "ஏனுங்க" மாதிரி எத்தனை "ஏனுங்க" அவர் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, மிஷினுக்கு வருகிறேன். முதல் வாரம் கஷ்டம்தான். தினம் இரண்டு மணி நேரம் மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார்கள். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் அவரைப் பயமுறுத்தியது. அம்மாவுக்குத்தான் அதைவிடக் கஷ்டம்: கத்திப் பேசியே பழகிய தொண்டை இறங்கவில்லை, "ஏம் புள்ள, பக்கத்துலதான இருக்கேன்" என்று அப்பா சொல்லச் சொல்ல, இரண்டு வாரத்தில் மெதுவாக இறங்கியது.

வாங்கிய பதினேழாம் நாள் காலையில், காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், அம்மா டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"நேத்து ராத்திரி அந்த மேல் கோயில்ல கதவை உடைச்சு..."

"எண்ணெயைக் குடிச்சிருக்கும்."

"அதேதானுங்க. விளக்கைக்கூட உருட்டி விட்டுட்டு..."

"பள்ளத்துல இறங்கியிருக்கும். பலாப்பழ வாசம் அங்கதான வருது."

இரண்டு பேரில் ஒருவர்கூடக் கரடி என்ற சொல்லைச் சொல்லவில்லை. கோத்தகிரிப் பக்கம் கோயில் விளக்கெண்ணெய்க்குக் கரடி வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் சொல்லத் தேவையில்லை. ஆனால் அம்மா 'உடைச்சு' என்று நிறுத்தினாரே, அதைத்தான் நான் கவனித்தேன். ஆறேழு வருடத்துக்குப் பிறகு அவர் ஒரு வாக்கியத்தைத் திறந்து வைத்தார், அப்பா சரியான இடத்தில் நுழைந்தார், அம்மா "அதேதானுங்க" என்று ஏற்றுக்கொண்டார். டம்ளரை நீட்டியபோது அவர் கண் கலங்கியிருந்தது, அடுப்புப் புகை என்றார். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான்.

மலையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன, கீழே இருக்கிற கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. முதலாவது குல்லா. இங்கே டிசம்பரில் காதை மூடும் கம்பளிக் குல்லாவும் மப்ளரும் இல்லாமல் யாரும் வெளியே தலை காட்ட மாட்டார்கள், இந்த வகை மிஷினுக்கோ மைக் காதுக்குப் பின்னால் மேல் பக்கம் இருக்கிறது. குல்லா உரசினால் கரகரவென்று கேட்கும், இறுக்கமாக மூடினால் "கீங்" என்று விசில் அடிக்கும். அம்மா பழைய குல்லாவைப் பிரித்து, காதுப் பக்கம் மட்டும் இடைவெளி விட்டுத் தளர்வாகப் பின்னிக் கொடுத்தார், இப்போது பரவாயில்லை. இரண்டாவது மூடுபனி. ஈரம் உள்ளே போனால் சத்தம் மங்கும். ராத்திரி கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் குருணை போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் நாலு நாள் இதை மறந்தோம், இடது பக்கம் நின்றேவிட்டது, கீழே கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டியதானது. ஒருநாள் வேலை போச்சு.

மூன்றாவது பேட்டரி. சார்ஜ் செய்கிற வகையும் இருக்கிறது, மழையில் இரண்டு நாள் கரண்ட் போகிற எங்கள் பக்கத்துக்கு அது வேண்டாம் என்று விட்டோம். இது காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்து வேலை செய்கிற துத்தநாகப் பேட்டரி. 13 நம்பருக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர், அதை உரித்துவிட்டு ஒரு நிமிடம் வெளியே வைத்து, பிறகு போட்டால்தான் முழு பலம் வரும். உரித்துவிட்டால் திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. எங்களுக்கு ஒரு ஜோடி ஒன்பது பத்து நாள் வருகிறது. பக்கத்தில் எப்போதும் கிடைக்கும் என்று நம்ப முடியாது, கீழே போகும்போது மூன்று மாதத்துக்கு வாங்கி வந்துவிடுகிறோம்.

குறைகள் இருக்கின்றன. கல்யாண வீட்டில் உதவவே இல்லை. பத்து பேர் ஒரே நேரத்தில் பேசி, மேலே ஒலிபெருக்கியும் அலறினால் மிஷினால் பிரிக்க முடியவில்லை, அப்பா கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலும் அதேதான். பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் காற்று இரைச்சல். ஒருவர் எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, சாதாரணக் குரலில் பேசினால் நூற்றுக்குத் தொண்ணூறு புரிகிறது. இழந்த காது திரும்ப வரவில்லை, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

இன்னொன்று, இது மிஷினைப் பற்றியது இல்லை, எங்களைப் பற்றியது. காது கேட்காத வருடங்களில் நாங்கள் அப்பாவின் பேச்சை முடித்து வைக்கப் பழகியிருந்தோம். கடைக்காரர் அவரைக் கேட்டால் நான் பதில் சொல்வேன். டாக்டர் கேட்டால் அக்கா சொல்வாள். அவர் "எனக்கு வந்து..." என்று தொடங்கினால் "முட்டி வலிதானப்பா, சொல்லிட்டேன்" என்போம். உதவி என்றுதான் செய்தோம். ஆனால் சரியா தப்பா என்று அவர் சொல்ல நாங்கள் இடமே விடவில்லை, முகத்தைக்கூடப் பார்க்காமல் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். மிஷின் வந்த பிறகு ஒருநாள் மருந்துக் கடையில் நான் வழக்கம்போல முந்திக்கொண்டபோது, அவர் என் தோளில் கை வைத்து "நான் சொல்லிக்கறேன் கண்ணு" என்றார். அன்றிலிருந்து நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன், முடிந்தவரை.

64,000 எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை, சீட்டுப் பணம் மொத்தமும் அதற்குத்தான் போனது. முடியாதவர்கள் அரசு மருத்துவமனையில் காதைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கி, ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், தகுதி உள்ளவர்களுக்கு அங்கே காது மிஷின் கொடுக்கிறார்கள், மத்திய அரசின் திட்டத்திலும் உண்டு. எது கிடைத்தாலும் ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போய்ச் சத்தத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள், முதல் நாள் வைத்த அளவோடு விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு மூன்று முறை மாற்றினார்கள், மூன்றாவது முறைதான் 'சு' தனியாக, 'து' தனியாகக் கேட்டது.

போன வாரம் சாயங்காலம் அம்மா அவர் சின்ன வயதில் கொழுந்து பறிக்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், அப்பா சரியான இடத்தில் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். "அப்ப மேஸ்திரி என்ன பார்த்து என்ன சொன்னாருன்னா..." என்னும்போது அப்பா கையைத் தூக்கி "இரு புள்ள" என்றார். பேட்டரி தீரும் முன் உள்ளே பீப் அடிக்கும், அடித்துவிட்டது. கழற்றினார், பழையதை எடுத்தார், ஆரஞ்சு ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் புதியதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருந்தார். அந்த ஒரு நிமிடமும் அம்மா ஒன்றும் பேசாமல், வாயை லேசாகத் திறந்தபடி, அந்த 'ன்னா'விலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் மாட்டி முடித்து நிமிர்ந்து பார்த்து, "கூடையில கல்லு போட்டியான்னு கேட்டிருப்பான்" என்றார்.

"இல்லீங்க," என்றார் அம்மா. "அது அடுத்த வருசம்."